ஆவாரம்பட்டைக் கறை

வேலூர்
12-8-1934

அமிர்தத்தின் அப்பா அவர்களுக்குப் பூவம்மாள் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் குழந்தையும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

இந்தக் கையெழுத்து யாருடையது என்று யோசிக்க வேண்டாம், என்னுடையதுதான். ஆஸ்பத்திரி சலவைக் கொட்டகையில் வேலை முடிந்த பிறகு பெண்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். முதுகு வலியோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். உங்களுக்குக் கடிதம் எழுத உதவும் என்று நினைத்துக் கற்கவில்லை.

உங்கள் அக்கா ஆள் அனுப்பியிருந்தார்கள். தை மாதம் கோவிந்தசாமிக்கும் நம் அமிர்தவள்ளிக்கும் கல்யாணமாம், நீங்கள் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டீர்களாம். ஏழு வருஷமாகப் பெண் இருக்கிறாளா இல்லையா என்று கேட்காதவர் கல்யாணத்துக்கு மட்டும் அப்பாவாக வந்து நிற்கிறீர்கள். கோவிந்தசாமி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தை மகன், முறைதான். ஆனால் அவளுக்கு இப்போதுதான் பதினாறு.

மார்கழி பிறப்பதற்கு முன் இங்கே பெண் பிள்ளைகளுக்கு ஒரு தையல் போட்டி நடக்கிறது. மாதர் சங்கத்துக்காரர்கள் நடத்துகிறார்கள். பிள்ளைகள் தாங்களே வெட்டித் தைத்த உடுப்பைத் தாங்களே உடுத்திக்கொண்டு, பார்க்க வந்தவர்கள் முன்னால் நடந்து காட்ட வேண்டும். முதல் பரிசு வாங்கும் பெண்ணை மெட்ராசில் தையல் ஆசிரியை வேலைக்குப் படிக்க வைக்கிறார்கள். சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் அவர்களே. அதுவரைக்கும் கல்யாணப் பேச்சை நிறுத்தி வையுங்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை, கேட்கிறேன்.

பூவம்மாள்

*

உ
பேரணாம்பட்டு
20-8-34

சௌபாக்கியவதி பூவம்மாளுக்குச் சாமிநாதன் எழுதுவது. க்ஷேமம்.

உன் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அதில் எழுதியிருப்பதுதான் நன்றாக இல்லை.

ஏழு வருஷமாகக் கேட்கவில்லை என்கிறாய். பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினது யார்? தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை பொறுக்க அவளை அனுப்பலாம் என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு, ஊரைவிட்டே போனவள் நீ. போனால் அப்படியே போ என்று நானும் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ அப்படியே போவாய் என்று நான் நினைத்தேனா?

உடுத்திக்கொண்டு நடந்து காட்டுவதாமே, அது என்ன கூத்துக் கொட்டகையா? அக்காவிடம் சொன்னேன். "இன்னாடா சாமிநாதா, பொண்ண வேலூர்ல ஏலம் போடறியா?" என்று கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? தோல் ஷாப்பில் மேஸ்திரி ஆக்கியிருக்கிறார்கள் என்று பெயர்தான். இருபது ஆளோடு கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அக்காவோடு கத்த வேண்டியிருக்கிறது. பேஜாராக இருக்கிறது.

போட்டி எல்லாம் வேண்டாம்.

சாமிநாதன்

*

வேலூர்
2-9-1934

அமிர்தத்தின் அப்பா அவர்களுக்கு.

ஏலம் இல்லை என்று உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். அன்றைக்குக் கோஷா நாள். வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் பெரிய சாயபு வீட்டுப் பெண்களெல்லாம் வருவதால் ஆண் பிள்ளை ஒருவரையும் உள்ளே விட மாட்டார்கள். கவர்னர் வந்தாலும் வாசலோடு சரி. நீங்கள் வந்தாலும் அப்படித்தான்.

அவள் நடை பழகுவதை நீங்கள் பார்க்க வேண்டும். தையல் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா "தலையை நிமிர்த்து, தரையில் என்ன தேடுகிறாய்?" என்று தினமும் சொல்கிறார்களாம். குழந்தைக்கு முடியவில்லை. நான்கு அடி போனதும் தலை தானாகக் கவிழ்ந்துவிடுகிறது. தலை குனிந்து நட என்று சின்ன வயசில் நாம் இரண்டு பேரும்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தோம். இப்போது ஆஸ்பத்திரித் துப்பட்டிகளைக் கொடியில் காயப் போட்டிருக்கும் சந்தில் சாயங்காலம் நடக்கிறாள். இரண்டு பக்கமும் ஈரத் துணி, யாரும் பார்க்க மாட்டார்கள். அங்கே மட்டும் நிமிர்ந்து நடக்கிறாள். சந்து முடிந்ததும் பழையபடி குனிந்துவிடுகிறாள். நான் அலுப்போடு படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

கழித்துப் போட்ட ஆஸ்பத்திரித் துப்பட்டியில்தான் பாவாடையும் ஜாக்கெட்டும் தைக்கப் போகிறாள். நல்ல இடமாகப் பார்த்து வெட்டினால் கிழிசல் தெரியாது.

தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று உங்கள் காலில் புண் வருமே, அது இப்போது எப்படி இருக்கிறது?

பூவம்மாள்

*

உ
பேரணாம்பட்டு
19-9-34

பூவம்மாளுக்குச் சாமிநாதன் எழுதுவது.

நோயாளிகள் படுத்த துப்பட்டியில் தைத்து உடுத்திக்கொண்டா என் பெண் வாணியம்பாடிப் பெரிய வீட்டுக்காரர்கள் முன்னால் நிற்பாள்? உனக்கு ரோஷம் என்பதே போய்விட்டதா? தோல் மண்டியில் வேலை பார்க்கும் ஷபீ அஹமது பாய் வேலூர் வருகிறார். அவர் கையில் வெள்ளைப் பாப்ளின் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வாணியம்பாடிக் கடையில் நானே போய் எடுத்தேன். அவள் எவ்வளவு உயரம் இருப்பாள் என்று கடைக்காரர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் ஜாஸ்தியாகவே கொடுங்கள் என்றேன்.

இப்போது என் பேச்சைக் கேள். அவள் முதல் பரிசு வாங்கினால் அக்காவிடம் நானே போய்ச் சொல்கிறேன். வாங்காவிட்டால் தை மாதம் கல்யாணம். அப்புறம் நீ அழக் கூடாது, நானும் பேச்சு மாற மாட்டேன்.

கால் புண் ஆறிவிட்டது. வேறு இடத்தில் வந்திருக்கிறது.

சாமிநாதன்

*

வேலூர்
25-11-1934

அமிர்தத்தின் அப்பாவுக்கு.

சுகம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் அனுப்பிய துணியைப் பார்த்து அவள் எப்படிச் சந்தோஷப்பட்டாள் தெரியுமா? அப்பா எடுத்தது, அப்பா எடுத்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னாள். இரண்டு மாதம் உட்கார்ந்து பாவாடைக்கு மடிப்பு வைத்து, ஓரத்துக்கு ஊசியால் பின்னல் போட்டு, ஒரு தையல் பிசகினாலும் பிரித்துத் தைத்தாள். நேற்றுத்தான் வேலை முடிந்தது. தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு நான்தான் தேய்த்தேன். பெட்டி அடியில் கொஞ்சம் துரு இருந்தது. துடைத்துவிட்டுத்தான் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பாவாடையின் முன்பக்கம், இடுப்புக்குக் கீழே, கறுப்பாக ஒன்று எழும்பி வந்தது. முதலில் ஒரு விரல், அப்புறம் இன்னொன்று. ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. ஒரு ஆண் பிள்ளையின் கை. இன்னொரு கை வெட்டிப் போட்ட துண்டில் போயிருக்க வேண்டும்.

எலுமிச்சம்பழம் தேய்த்தோம். கொஞ்சம் மங்கியது, போகவில்லை. போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. வேறு துணிக்கு நான் எங்கே போவேன்?

கேட்கக் கூடாதுதான், ஆனாலும் கேட்கிறேன். அவள் ஜெயிக்கக் கூடாது என்றுதான் செய்தீர்களா? அப்படியென்றால் துணி அனுப்பாமலே இருந்திருக்கலாம். துப்பட்டியே போதுமாக இருந்தது.

பூவம்மாள்

*

உ
பேரணாம்பட்டு
27-11-34

பூவம்மா,

உன் கடிதம் வந்த உடனே எழுதுகிறேன். அக்கா மேல் ஆணை, வேண்டுமென்று செய்யவில்லை.

பார்சல் கட்டுவதற்கு முன் ஒரு தடவை பிரித்துப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. தோல் ஷாப்பிலிருந்து வந்து சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தொட்டேன். கழுவினாலும் ஆவாரம்பட்டைச் சாறு தோலை விட்டுப் போகாது, உனக்குத் தெரியும். என் கையில் எத்தனை சோறு தின்றிருக்கிறாய். துணியில் அது வெறுமனே பட்டால் கண்ணுக்குத் தெரியாது. இரும்பு பட்டால்தான் கறுக்கும். அதனால்தான் பட்டைத் தொட்டிப் பக்கம் ஒரு ஆணியைக்கூட நான் விட மாட்டேன். புது ஆள் இரும்பு வாளி கொண்டு வந்தால் கத்துவேன். ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவனுக்கு இஸ்திரிப் பெட்டியும் இரும்புதான் என்று தோன்றவில்லை பார். நம் வீட்டில் யார் துணி தேய்த்து உடுத்தினார்கள்?

ஏன் பிரித்தேன் என்று கேட்பாய். இரண்டு கையாலும் துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அவள் இப்போது என் நெஞ்சு வரை இருப்பாளா, தோள் வரை இருப்பாளா என்று பார்த்தேன். தெரியவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

அவளிடம் என்ன சொல்வாயோ சொல்.

சாமிநாதன்

*

வேலூர்
3-12-1934

அமிர்தத்தின் அப்பா அவர்களுக்கு.

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பாவாடையைப் பரப்பி வைத்து, அந்தக் கறை மேல் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தாள். "அம்மா, அப்பா கை இவ்ளோ பெருசா?" என்றாள். அவளுக்கு ஞாபகம் இல்லை. அப்புறம் மஞ்சள் நூல் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு விரல் தடத்தின் மேலும் ஒரு ஆவாரம்பூ பின்னினாள். கறை இலை மாதிரி அடியில் நின்றுவிட்டது.

நேற்றுப் போட்டி நடந்தது. பதினோரு பிள்ளைகள். நான் சுவரோரம் நின்றேன். அவள் பெயரைக் கூப்பிட்டதும் நான்தான் தலை குனிந்தேன். அவள் குனியவில்லை. நிமிர்ந்தே வந்தாள், நிமிர்ந்தே திரும்பினாள். மார்க் போட மூன்று அம்மாமார்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பூ ஏன் ஒரு பக்கம் மட்டும், அதுவும் கோணலாக இருக்கிறது என்று கேட்டார். நூல் மேல் பழி போட்டிருக்கலாம், மாதிரி மேல் போட்டிருக்கலாம். "அங்க எங்க அப்பா கை பட்டுடுச்சிம்மா. போவல. அதான் பூவா வச்சிட்டேன்" என்று அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

தையலுக்கு அவளுக்குத்தான் ஜாஸ்தி மார்க் என்றார்கள். அமைப்பு ஒழுங்காக இல்லை என்று அதில் குறைத்துவிட்டார்கள். முதல் பரிசு வாணியம்பாடித் தோல் வியாபாரி மகள் வஹீதாவுக்கு. நல்ல பெண், சரிகை வேலை கண்ணைப் பறித்தது. நம் குழந்தைக்கு இரண்டாவது. ஒரு கத்தரிக்கோல் கொடுத்தார்கள்.

பேச்சு மாறக் கூடாது என்றீர்கள். நான் மாறவில்லை. தை மாதத்தில் நாள் பாருங்கள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டு போகிறேன். உங்கள் மேல் கோபம்கூட இப்போது இல்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

பூவம்மாள்

*

உ
பேரணாம்பட்டு
9-12-34

பூவம்மாளுக்குச் சாமிநாதன் எழுதுவது.

நாள் பார்க்கவில்லை. பார்க்கவும் போவதில்லை. நீ அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

போட்டி அன்றைக்கு நான் வேலூர் வந்திருந்தேன். ஆண் பிள்ளையை விட மாட்டார்கள் என்று நீ எழுதியிருந்தாய், அப்படியே நடந்தது. ஜட்கா வண்டிக்காரர்களோடு கேட்டுக்கு வெளியில் நின்றேன். பிள்ளைகள் ஒரு கட்டடத்தில் உடுத்திக்கொண்டு இன்னொரு கட்டடத்துக்கு வரிசையாக முற்றத்தைத் தாண்டிப் போனார்கள். அவ்வளவுதான் பார்த்தேன். எங்கள் அம்மாவின் நடை அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது, அதனால் அடையாளம் தெரிந்தது. பாவாடையில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. அது என்ன என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. என் தோள் வரை இருப்பாள் போலிருக்கிறது.

பக்கத்தில் நின்ற வண்டிக்காரர், "அந்த வெள்ள பாவாட பொண்ணு யாரு, ராணியாட்டம் போவுதே" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். என் பெண் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏழு வருஷம் பார்க்காதவன் எந்த முகத்தோடு சொல்வது?

ஜெயித்தாளா தோற்றாளா என்று தெரிவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டேன். ஊரில் இறங்கி நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கல்யாணம் வேண்டாம் என்றேன். "உன் மூஞ்சில முழிச்சா பாவம், இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்றாள். மிதிக்கவில்லை. கோவிந்தசாமி மட்டும் தெருக்கோடி வரை கூட வந்து, "பரவால்ல மாமா" என்றான்.

உன்னையும் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டு போனாய். தலை நரைத்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கூப்பிட வாய் திறந்தேன். எவ்வளவு களைப்பாக இருக்கிறாள், நானும் எதற்குத் தொந்தரவு என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அவளைப் பார்க்க வரலாமா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். எதையும் தொட மாட்டேன்.

சாமிநாதன்

*

வேலூர்
30-12-1934

அமிர்தத்தின் அப்பா அவர்களுக்குப் பூவம்மாள் எழுதிக்கொண்டது. இவ்விடம் சுகம்.

பதில் எழுத நாளாகிவிட்டது. என்ன எழுதுவது என்று தெரியாமல் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இப்போது எழுத ஒரு சமாசாரம் வந்திருக்கிறது. வஹீதாவை மெட்ராசுக்கு அனுப்ப அவள் அப்பாவுக்கு இஷ்டம் இல்லையாம். அந்தப் பெண் ரொம்ப அழுததாம். அந்த இடத்தை நம் அமிர்தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நமக்குச் சந்தோஷம், அதற்கு அழுகை. எனக்கு முழுதாகச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

தை ஐந்தாம் தேதி காலையில் காட்பாடியில் ரயில் ஏறுகிறாள். அந்தப் பாவாடையைத்தான் உடுத்திக்கொண்டு போவேன் என்கிறாள். ஊர்ப் புழுதியில் அழுக்காகும் என்று சொன்னால் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பழைய தகரப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். துணியும் புஸ்தகமும் வைத்ததில் கனம் ஏறிவிட்டது. என் இடுப்பு இருக்கும் இருப்பில் என்னால் தூக்க முடியாது. நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால் பெட்டியை யார் தூக்குவது?

பூவம்மாள்