திருப்பிச் சொல்லாத வார்த்தை

மார்ச் 3, செவ்வாய்

டிக்கெட் ஆபீஸ்காரர் மத்தியானம் போன் செய்தார். நான் அப்போது ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல், கையெல்லாம் கிரீஸோடு நின்றுகொண்டிருந்தேன். "உங்க பாஸ்போர்ட் இருக்கும்மா, சாரோடது இன்னும் வரலையே" என்றார். போன வாரமே கொடுத்தாயிற்று என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லியிருந்தார். மேலே மெஷின் ரூமில் இருந்த மனுஷனிடம் அங்கிருந்தே கத்திக் கேட்டேன்.

"கொடுக்கணும்" என்று பதில் வந்தது. கொடுக்கணுமாம்!

பொலிவியா, பொலிவியா என்று இந்த வீட்டில் எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். லா பாஸ் என்று மலைமேல் ஒரு நகரம். நாம் பஸ்ஸில் போவதுபோல அங்கே ஜனங்கள் கம்பியில் தொங்கும் கூண்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள், மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். கல்யாணமானதிலிருந்து லிஃப்ட் ரிப்பேருக்காக இருட்டுக் கிணற்றுக்குள் கூண்டை மேலும் கீழும் ஓட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வெளிச்சத்தில் போகிற கூண்டில் நான் உட்கார்ந்து போக வேண்டும். இது பெரிய ஆசையா?

மார்ச் 5

இன்றும் கொடுக்கவில்லை. கேட்டால் ஸ்பேனரைத் தேடுகிறார்.

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? அங்கே மூச்சே விட முடியாதாமே அண்ணி, இந்த வயதில் மலையேறி என்ன கிழிக்கப் போகிறீர்கள், பேசாமல் அண்ணனும் நீங்களும் ஒரு கடற்கரைக்குப் போய் நாலு நாள் காலை நீட்டிப் படுத்துவிட்டு வாருங்கள் என்றாள்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பல்பு போட்டதுபோல ஆகிவிட்டது. "அதுவும் நல்ல யோசனைதான்" என்கிறார்.

மணலில் படுத்து உருளவா நான் கூண்டின் கூரையில் நின்றபடி ஸ்பானிஷ் பாடம் கேட்கிறேன்? மாடி ஏற ஏற ஊனோ, தோஸ், த்ரேஸ் என்று எண்ணிக்கொண்டு போகிறேன். ஆறு மாடிக் கட்டட வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். வீட்டுக்காரரே பின்னாலிருந்து காலை வாரும்போது வாட்ச்மேனைச் சொல்லி என்ன?

மார்ச் 11

தப்பு என்மேலும் இருக்கிறது. அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பழைய லிஃப்டுகளில் ஒருவர் கூண்டின் கூரைமேல் நிற்பார், இன்னொருவர் மெஷின் ரூமில் இருந்து கூண்டை நகர்த்துவார். கூரையில் இருப்பவர் "மேலே" என்றால் மெஷின் ரூமில் இருப்பவர் "மேலே" என்று அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கூண்டு நகரும். "ம்" செல்லாது. "சரி" செல்லாது. தப்பாக நகர்ந்தால் தலை போகும். புதிதாக வேலை பழகியபோது இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். ஒருநாள் "ம்" என்றதற்கு என்னை என்ன திட்டுத் திட்டினார்!

சரி, நான் "லா பாஸ் போறோம்" என்று சொன்னபோதெல்லாம் இவர் என்ன சொன்னார்? "ம்" என்றார். "சரி" என்றார். "பாக்கலாம்" என்றார். ஒரு தடவையாவது "போறோம்" என்று திருப்பிச் சொன்னாரா? இல்லை. வேலையில் இப்படி ஒரு அங்குலம் நகர்ந்திருக்க மாட்டேன். வீட்டில் "ம்" என்ற ஒரு எழுத்தை நம்பி இவ்வளவு தூரம் வந்து நிற்கிறேன் — முட்டாள்.

மார்ச் 12

நேருக்கு நேர் கேட்டுவிட்டேன். "போறோம்னு சொல்லுங்க. திருப்பிச் சொல்லுங்க." மனுஷன் சுவரைப் பார்த்தார். கடைசியில் முட்டி வலி என்றார்.

முட்டி வலியாம்! யார் காதில் பூ சுற்றுகிறார்? ஒரு வருஷமாக இதே பாட்டு. முட்டி வலி, கூரையில் நீ நில் என்று என்னைத்தான் ஏற்றுகிறார். ஆனால் மெஷின் ரூமுக்கு ஆறு மாடியும் படியேறிப் போக அந்த முட்டி வலிக்காது. கூண்டின் கூரைமேல் ஓர் எட்டு எடுத்து வைக்க மட்டும் வலிக்கும். இந்த ஊர் உலகத்தில் இப்படி ஒரு முட்டியை யாராவது பார்த்திருக்கிறார்களா?

மார்ச் 17, செவ்வாய்

கையிலிருக்கும் கிரீஸைக்கூடக் கழுவாமல் எழுதுகிறேன்.

துணிக்கடைக் கட்டடத்தில் வேலை. பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன், இன்று நீங்கள் கூரைக்குப் போங்கள், மெஷின் ரூமுக்கு நான் போகிறேன் என்று. போனார். நான் மேலே போய்க் காத்திருந்தேன். "மேலே" என்ற சத்தம் வரவில்லை. "கீழே"யும் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு விழுந்தடித்துக்கொண்டு இறங்கி ஓடினேன்.

நாலாவது மாடிக் கதவுக்கு நேரே நின்ற கூண்டின் கூரை நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் கம்பி வடத்தைக் கட்டிப்பிடித்திருந்தார். கண் இறுக்க மூடியிருந்தது. கன்னமெல்லாம் கிரீஸ். ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் வெளியே இழுத்தேன்.

படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கீழ பாத்தா கால் நிக்க மாட்டேங்குது. ஒரு வருஷமா இப்படித்தான்."

பாவம் என்று தோன்ற வேண்டிய நேரம். எனக்கு வந்தது கோபம்தான். ஒரு வருஷமா? ஒரு வருஷமா எங்கிட்ட மறைச்சு வச்சீங்களா? ஒருத்தர் உசுரு இன்னொருத்தர் கையில இருக்கற வேலை இல்லையா இது? உங்களை அங்க ஏத்தி விட்டது நான்தானே, கை வழுக்கியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? இதையெல்லாம் படியிலேயே கத்தினேன். துணிக்கடைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சொன்னா நீ பயணத்தை விட்டுடுவ. அதான் சொல்லல" என்றார்.

சொல்லாமல் இழுத்தடித்தால் மட்டும் போய்விடுவேனா? என்ன கணக்கு இது? அன்பாம். இந்த அன்பைத் தூக்கிக் குப்பையில் போட.

மார்ச் 18

பேசவில்லை. தட்டை வைத்தேன், எடுத்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

இன்று இவராகவே பேசினார். அந்தக் கம்பிக் கூண்டுகளின் வீடியோவை எனக்காகத் தேடி எடுத்துக் கொடுத்தவரே அதை ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லையாம். பார்த்தாலே உள்ளங்கால் கூசுகிறதாம். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவேனா?

நீங்கள் வர வேண்டாம், நான் மட்டும் போகிறேன் என்று சொன்னேன். "ம்" என்றார். மறுபடியும் "ம்"!

நாத்தனாருக்குச் செய்தி எப்படிப் போனதோ, போன் வந்துவிட்டது. தனியாகவா, அண்ணனைப் பட்டினி போட்டுவிட்டா என்றாள். உன் அண்ணனுக்குக் கை இருக்கிறது, அடுப்பும் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 1

ஜூன் மாதத்துக்கு எத்தனை டிக்கெட் என்று ஆபீஸ்காரர் கேட்கிறார். நாளை சொல்கிறேன் என்றேன். யாரையும் கேட்காமல் ஒன்று போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. பதில் வராமல் ஒரு தடவை நகர்ந்தது போதும். இந்தத் தடவை எனக்கு "ம்" வேண்டாம்.

ஏப்ரல் 2, வியாழன்

அதே ஆறு மாடிக் கட்டடம். நான் கூரையில், இவர் மெஷின் ரூமில். இனி இவரை யாரும் கூரையில் ஏற்றக் கூடாது, நான் ஊரில் இல்லாதபோது வேறு ஆள் வர வேண்டும் என்று நாங்கள் வேலை பார்க்கும் மூன்று கட்டட மேனேஜர்களிடமும் இவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். காலையில்தான் எனக்குத் தெரிந்தது. இதைப் போன வருஷமே செய்திருந்தால் என்ன? கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

தலையை நிமிர்த்திக் கத்தினேன். "ஜூன்ல நான் தனியாப் போறேன்."

எண்ணெய் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பதில் வரும்வரை அசையக் கூடாது என்பதுதான் எங்கள் பழக்கம். நான் அசையவில்லை. கோபமும் அப்படியேதான் இருந்தது.

மேலேயிருந்து குரல் வந்தது. "ஜூன்ல நீ தனியாப் போற."

"மேலே" என்றேன்.

"மேலே" என்றார்.

கூண்டு நகர்ந்தது.