குறைவாக எரிக்கும் தெரு

ஜூன் 17, 2008. செவ்வாய்.

சாயங்காலம் கரண்ட் போனதும் பின் தெரு செல்வி அக்கா வாசலில் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, எங்க தெருவுக்கு ஜெனரேட்டர் வேணாம்னு உன் கம்ப்யூட்டர் சொல்லிடுச்சாமே? எங்க வீட்டுக்காரருக்கு இழுப்பு. மருந்துப் பொக மிஷின் ஓடல."

புரியாமல், கரண்ட் போனால் தெருக்களுக்கு ஜெனரேட்டர் விடும் எங்கள் நகர்ச் சங்கத்தின் செயலாளரிடம் ஓடினேன். அவர் காட்டியது நான் எழுதி இணையத்தில் இலவசமாக விட்ட மென்பொருள். மின்சாரம் குறைவாகச் செலவாகும் தெருவை அது முதலில் வைக்கும். வசதி இல்லாத அந்தத் தெருக்களுக்குத்தான் சூரியத் தகடு முதலில் போக வேண்டும் என்று அப்படி எழுதினேன். அவர் டீசலை மிச்சம் பிடிக்க, அதே வரிசையில் முதலில் இருந்த பின் தெருவுக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்.

"கொறைவா எரிக்கிறவங்களுக்குக் கொறைவாத்தான வேணும்?"

"நான் அதுக்கு எழுதல சார்."

"யார் வேணா, எதுக்கு வேணா எடுத்துக்கலாம்னு நீதான போட்டிருக்க? கமிட்டியில முடிவாயிடுச்சு தம்பி."

போட்டிருக்கிறேன்தான். பெருமையாகவே போட்டேன்.

அக்காவின் வீட்டுக்காரரை ஆட்டோவில் ஏற்றி, ஜெனரேட்டர் ஓடும் எங்கள் தெருவுக்கு, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூடத்தில் மிஷினை மாட்டியதும் மூச்சு சீரானது. போகும்போது அந்த அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருப்ப தம்பி" என்றார்.

பிறகு உட்கார்ந்து மென்பொருளைத் திருத்தி, இணையத்தில் புதிதாக ஏற்றிவிட்டேன். செயலாளர் கணினியில் இருப்பது பழையது. அதை நான் என்ன செய்ய முடியும்?

இப்போது மறுபடி கரண்ட் போயிருக்கிறது. பின் தெரு முழுக்க இருட்டு. என் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது.