வில்வீரனுக்கு என் கை

'94 பெப். 7, திங்கள்
பனி. பஸ் இருபது நிமிடம் பிந்தியது. நூதனசாலையில் ரோமர் காட்சிக்கு வந்த பெட்டிகள் பதினொன்று. எல்லாம் நானே உடைத்தேன். பொம்மை செய்கிற லிண்டா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரோம வில்வீரன் பொம்மைக்கு அச்செடுக்க வலக்கை வேண்டுமாம். அந்தப் படையின் வில்லாளிகள் கனபேர் சிரியாப் பக்கத்து ஆட்களாம். முகத்தை யாரும் கேட்கவில்லை. நல்லது!
கொழும்பிலிருந்து வசந்தியின் போன் இல்லை. அவளுக்கும் பிள்ளைக்கும் விசா இன்னும் வரவில்லை என்று அர்த்தம். நாலு வருடம். ஒரு வயதில் விட்டுவிட்டு வந்தேன் பிள்ளையை.

பெப். 8
வாங்க: பால், பாண், வசலின் (அச்சுச் சாந்து ஒட்டாமல் கை மயிரில் பூச).
மாதிரி வில்லைத் தூக்கிப் பார்த்தேன். மரம், கொம்பு, நரம்பு சேர்த்து ஒட்டியது; நுனிகளில் எலும்புத் தகடு. வளைந்த பக்கமே நாண் பூட்டப் போனேன். லிண்டா போட்ட சத்தம்! மறுபக்கம் வளைத்துத்தான் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் படார். நாணை இழுத்தது இரண்டு விரலாலா, பெருவிரலாலா என்று படித்தவர்களுக்குள் இன்னும் சண்டை. எங்கள் ஆளுக்குப் பெருவிரல்.
அறையில் கூட இருக்கும் ரவி: "மச்சான், உந்த வில்லுக் கதையை இமிக்கிரேசனுக்குச் சொல்லிப்போடாத. ஆயுதப் பயிற்சி எண்டு எழுதிப்போடுவாங்கள்."

பெப். 10
கையில் சாந்து அப்பியாயிற்று. அரை மணி ஆடக்கூடாது. உடனே மூக்குக் கடி. பத்தாவது நிமிடம் போன். லிண்டா ரிசீவரை என் காதில் பிடித்தாள். ரவி: "மச்சான், வசந்தியக்கா எடுத்தவ. விசா வந்திட்டுதாம்! ரெண்டு பேருக்கும்!"
துள்ளிவிட்டேன். அச்சு இரண்டாய்ப் பிளந்தது. லிண்டாவுக்கு முகம் சிவந்தது. காரணம் சொன்னதும் சாந்துக் கையோடு கட்டிப்பிடித்தாள். ஜக்கெற் நாசம். கை கழுவும்போது அழுதேன், வேறென்ன.

பெப். 11
மறுபடி. லிண்டா முதல் வேலையாகப் போன் வயரைக் கழற்றினாள். அச்சு சரி. நகக்கண் ஊத்தைகூட அப்படியே விழுந்திருக்கிறது.

பெப். 13, ஞாயிறு
கொழும்புக்குப் போன் எடுத்தேன். ரிக்கற் போட்டாயிற்றாம். கைக் கதை கேட்டு வசந்திக்கு ஒரே சிரிப்பு. என்னோடு பேச எப்போதும் வெட்கப்படுகிற பிள்ளை இன்று தானே ரிசீவரைப் பறித்தாள்.
"அப்பா, வில்லை இழுத்துப் பிடிச்சுக்கொண்டே நிக்கிறீங்கள்?"
"ஓம் குஞ்சு."
"கை நோகாதே? வாற வெள்ளிக்கிழமை நாங்கள் வந்திடுவம். அதுவரைக்கும் பிடியுங்கோ."