ஆண் என்று எழுதப்பட்ட மண்டை ஓடு

2024 நவம்பர் 12, செவ்வாய்

பஸ் நிற்காமல் போய்விட்டது. மருத்துவக் கல்லூரியில் என் தடயவியல் துறைக்கு அரை மணி நேரம் தாமதம். மேசைமேல் அட்டைப்பெட்டி. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கப் போனவர்கள் ஓடைக்கரையில் கண்டெடுத்த மண்டை ஓடு. கீழ்த்தாடை இல்லை, இடுப்பெலும்பு இல்லை. ஆணா பெண்ணா என்று போலீஸ் கேட்கிறது.

நெற்றி செங்குத்து. புருவ மேடு இல்லை. என் கண்ணுக்குப் பெண். ஆனால் கன்ன அகலமும் காதுக்குப் பின்னால் உள்ள எலும்புப் புடைப்பும் பெரிது. மூன்று முறை அளந்தேன். அளவுகளை வைத்து ஆணா பெண்ணா என்று கணக்கிடும் சூத்திரத்தில் போட்டால் எல்லைக்கோட்டுக்கு மயிரிழை அந்தப் பக்கம் — ஆண்.

நவம்பர் 14, வியாழன்

"உறுதியாகச் சொல்ல இயலாது, டி.என்.ஏ. பரிசோதனை தேவை" என்று நான் எழுதியிருந்த வரியைத் துறைத் தலைவர் தனசேகரன் சார் அடித்துவிட்டார். "ஆண்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சூத்திரமே சொல்லுது. உனக்கு என்ன குழப்பம், கோகிலா?"

"அது வடக்கே யாரோட எலும்பையோ வச்சுப் போட்டது சார். நம்ம பக்கத்துப் பொம்பளைங்க எத்தனை பேரை அளந்திருக்கோம்? அங்கயே நூத்துக்கு எண்பத்தாறு தடவைதான் சரியா வந்திருக்கு."

"எண்பத்தாறு கம்மியா?"

மீதிப் பதினாலு பேருக்கு அப்பா அம்மா கிடையாதா? வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அறிக்கையை வாங்கியபோது இன்ஸ்பெக்டர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எதற்கு?

அளந்த கை என்னுடையது.

நவம்பர் 18, திங்கள்

இன்ஸ்பெக்டருக்கு நிம்மதி எதற்கென்று தெரிந்துவிட்டது. சங்கராபுரம் பக்கத்திலிருந்து மாயவன் என்பவர் வந்தார். கூலி வேலை. மகள் சந்தியா, இருபத்துநாலு வயது, ஒன்றரை வருடமாகக் காணவில்லை. அவள் புருஷன் சுபாஷ் நிலம் நீச்சு உள்ள குடும்பம். எவனோடோ ஓடிவிட்டாள் என்று அவன் சொன்னதையே போலீஸும் எழுதி வைத்திருக்கிறது. மலையில் கிடைத்தது மகள்தானோ என்று நான்கு நாளாக இவர் சாப்பிடவில்லையாம்.

"ஆம்பளதான்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க. உங்க வாயாலயும் ஒருவாட்டி சொல்லிடுங்க டாக்டரம்மா."

"அப்படித்தான் எழுதியிருக்கு" என்றேன்.

கும்பிட்டார். "அப்ப எம்பொண்ணு எங்கியோ நல்லா இருக்குது."

அவர் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு. நான் பொய் சொல்லல. நெசத்தையும் சொல்லல. அப்ப இன்னாத்தத்தான் சொன்னேன்?

நவம்பர் 21, வியாழன்

மாஜிஸ்திரேட்டுக்கு என் பெயரிலேயே கடிதம் அனுப்பிவிட்டேன். அந்த அறிக்கையை நம்ப முடியாது, பல்லை எடுத்து டி.என்.ஏ. பார்க்கணும் என்று. "உன்னை எங்கயாவது தூக்கி அடிப்பாங்க" என்றார் சார். அடிக்கட்டும்.

நவம்பர் 24, ஞாயிறு

ஒப்பிட்டுப் பார்க்க மாயவனின் ரத்தம் வேண்டும். ஊருக்கே போய்க் கேட்டேன். நான் பேசி முடிக்கும்வரை நின்று கேட்டார்.

"அது பொம்பளதான்னு ஒத்தக்கால்ல நிக்கிறீங்களே. எம்பொண்ணு உயிரோட இருந்தா உங்களுக்கு இன்னா கஷ்டம்? வூட்டுப் பக்கம் வராதீங்க."

பஸ்ஸுக்கு நடந்தேன். வழியெல்லாம் அவர்மேல் ஆத்திரமாக வந்தது. அவர்மேல் எதுக்கு? நம்பிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பியது யார்? நாங்கதானே.

நவம்பர் 25

மாஜிஸ்திரேட்டிடமிருந்து பதில் இல்லை.

2025 ஜனவரி 20, திங்கள்

மாயவன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பொங்கலுக்குப் போன் பண்ணும்னு பாத்துகினு இருந்தேன். வரல. ஸ்டேஷனுக்குப் போனேன். செத்தது ஆம்பளன்னு நீங்கதான் சொன்னீங்க, அப்ப எம்பொண்ணு உயிரோட இருக்குது, தேடுங்கன்னேன். சிரிக்கிறாங்கம்மா. உயிரோட இருக்குதுன்னா தேடணும் இல்ல? செத்துட்டுதுன்னா ஒத்துக்கணும் இல்ல? ரெண்டும் இல்லன்னா நான் இன்னா மனுசன்?"

அவர் குரல் உயரவே இல்லை. என் கடிதத்துக்கு இன்னும் பதில் வராததால், அவர் பெயரிலேயே நீதிமன்றத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். கைநாட்டு வைத்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

உத்தரவு கிடைத்தது. ஒரு கடைவாய்ப் பல்லும் அவர் ரத்தமும் சென்னைக்குப் போயின.

மார்ச் 27, வியாழன்

பெண். மாயவனின் மகள்.

நான் நினைத்தது சரி. அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது? "ஒரு விதிவிலக்கு, அவ்வளவுதான்" என்றார் சார். இந்த முறை வாயை மூடிக்கொள்ளவில்லை. "அந்த விதிவிலக்குக்குப் பேரு சந்தியா, சார்."

மாயவனுக்கு நானே சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "தலைய எங்கிட்ட குடுப்பாங்களா?"

வழக்கு முடியணும் என்றேன். எப்படித்தான் சொன்னேனோ.

ஜூன் 5

மாற்றல் உத்தரவு. சந்தியாவைக் கொன்றதாகச் சுபாஷைக் கைது செய்த அதே வாரம்.

2026 ஜனவரி 7, புதன்

மூன்று பஸ் மாறி, சாட்சி சொல்லக் கள்ளக்குறிச்சி நீதிமன்றம். சுபாஷின் வக்கீல் பழைய அறிக்கையைத் தூக்கிக் காட்டினார்.

"அளந்தது நீங்கதானே? ஆண்னு எழுதினது உங்க துறைதானே?"

"ஆமா. தப்பா எழுதினோம்."

அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார் நீதிபதி.

வெளியே வந்தேன். நேற்றே சாட்சி சொல்லி முடித்திருந்த மாயவன் இன்றும் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

உட்கார்ந்தேன்.