பிரீத்தா அழுத பாட்டு

ஜூன் 9, 2024, ஞாயிறு

சான் ஹோசேயில் மாதத்துக்கு ஒரு தமிழ்ப் பூசை. இன்று மகன் கிரிஸ் அந்தப் பெண்ணை அழைத்து வந்தான். பெயர் பிரீத்தா. பூர்வீகம் புதுச்சேரி, பிறந்து வளர்ந்தது பாரிஸ், வேலை இங்கே. கல்யாணப் பேச்சை அவன் எடுத்ததிலிருந்து நான் சம்மதிக்கவில்லை. காரணங்கள் எனக்குத் தெளிவாகவே இருந்தன. ஜெபமாலை முழுதாகச் சொல்லத் தெரியாது. தோசையைக் கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிறாள். கோயிலுக்குப் போவாயா என்று கேட்டால், “கிறிஸ்மஸுக்குப் போவேன் ஆன்ட்டி” என்கிறாள். ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை.

நற்கருணை நேரத்தில் என் பாட்டைப் பாடினோம். வரிகள் என்னுடையவை. மெட்டு, எங்கள் ஊர் மில்பிடாஸில் பல் டாக்டரின் வெயிட்டிங் ரூமில் வெறும் பியானோவாக ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதும் நெஞ்சைப் பிசைந்தது. வாயில் பஞ்சு இருந்ததால் என்ன பாட்டு என்று யாரையும் கேட்க முடியவில்லை, போனில் பதிவு செய்துகொண்டு வந்தேன். கீபோர்டு வாசிக்கும் ஷைன் கேட்டுவிட்டு, ஏதோ ஃபாரின் பீஸ் என்றான். நல்ல மெட்டு கையில் சிக்கினால் அதற்கு ஆண்டவர் மேல் வரி எழுதிவிடுவது நம் பாடகர் குழுக்களில் வழக்கம்தானே. “திறந்து வைத்தேன் என் வாசலை, தாமதம் ஏன் தேவா” என்று எழுதினேன். பிப்ரவரியிலிருந்து பாடுகிறோம்.

பாடும்போது கண்ணை மூடிக்கொள்வேன். இன்று இரண்டாம் சரணத்தில் திறந்து பார்த்தால் பிரீத்தா தலையைக் குனிந்திருக்கிறாள். தோள் குலுங்குகிறது. டிஷ்யூவால் கண்ணைத் துடைக்கிறாள்.

அரைகுறைத் தமிழ் தெரிந்த பெண் என் வரிக்கு அழுகிறாள். இவளையா வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஜூன் 10, திங்கள்

சம்மதம் சொல்லிவிட்டேன். ஏன் திடீரென்று என்று கிரிஸ் கேட்டான். தெய்வச் செயல் என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

இன்றும் அழுதாள். போன மாதத்தைவிட அதிகம். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். குழுவில் ஆல்ட்டோ பாடும் கண்மணி பார்த்துவிட்டு, “உங்களுக்கு இப்படி ஒரு மருமக, குடுத்து வச்சவங்க” என்றாள். அவள் மருமகள் பூசையில் போன் பார்ப்பவள். அதைச் சொல்லாமல் இருப்பதற்கே பெரும்பாடாக இருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தாழ்மை.

அக்டோபர் 9, புதன்

பாரிஸிலிருந்து சம்பந்தி வந்தாயிற்று. பிரீத்தாவின் அப்பா ஜீவரத்தினம், அவருடைய தம்பிகள் மூன்று பேர். நால்வருக்கும் ஒரே மீசை. பாலாடைக்கட்டி கொண்டுவந்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஏதோ செத்துக் கிடக்கிற வாடை. என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு துண்டு சாப்பிட்டார். முப்பது வருஷத்தில் என் சமையலை ஒரு நாள் அப்படிச் சொன்னதில்லை.

அக்டோபர் 10, வியாழன்

கல்யாண ரிஹர்சல். எழுதவே கை வரவில்லை.

கோயிலில் என் பாட்டை ஆரம்பித்தோம். சம்பந்தி வீட்டுக்கு அது ஒரு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது வரியில் ஜீவரத்தினம் கூடவே பாடினார். பிரெஞ்சில். மூன்றாவது வரியில் தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். பல்லவி திரும்பும்போது ஜீவரத்தினம் ஒரு முழங்காலை ஊன்றி நெஞ்சில் கைவைத்தார். பக்தி என்று நினைத்து நான் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

முடிந்ததும் மரியாதையாகக் கேட்டார்: “இந்தப் பாட்ட இங்க கோயில்லயா பாடுவீங்க?”

ஏன் என்றேன்.

“இது எங்க ஊர்ல ஒரு மேடை நாடகத்துல வர்ற பாட்டும்மா. அப்ப ரேடியோவ திறந்தாலே இதுதான். கப்பல்காரன் ஒருத்தன் அடுத்தவன் பொண்டாட்டி வீட்டு வாசல்ல நின்னு பாடுறது. ஒம் புருஷன் தூங்கிட்டான், கதவத் திறன்னு.”

பாடகர் குழு முழுக்க என்னைப் பார்த்தது. ஷைன் கீபோர்டை அணைத்தான்.

அவள் திறந்தாளா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கடைசி வரைக்கும் திறக்கவில்லையாம். மானமுள்ள பெண். நாங்கள்தான் பிப்ரவரியிலிருந்து மாதாமாதம் திறந்து வைத்து, தாமதம் ஏன் என்று வேறு கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வரும்போது ஃப்ரீவேயில்தான் உறைத்தது. பிரீத்தாவுக்கு பிரெஞ்சு தெரியும். அப்படியானால் ஜூனில், ஜூலையில், தூணுக்குப் பின்னால்...

அடிப்பாவி.

அக்டோபர் 11, வெள்ளி

காலையில் ஃபாதருக்கு போன் பண்ணினேன். “இத்தனை மாசம் பாடி மெட்டுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சு, விடுங்கம்மா” என்றார். நான் விடவில்லை. நாளைக்குப் பழைய பாட்டுதான் என்று குழுவுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன்.

அந்தக் கண்ணீரை நம்பித்தான் சம்மதம் சொன்னேன். அது கண்ணீரே இல்லை என்றால் என் சம்மதத்துக்கு என்ன பொருள்? நாளைக்குக் கல்யாணம். என்ன சொல்லி நிறுத்துவது? பெண் சிரித்தாள் என்றா? நிறுத்தவும் வேண்டாம், மனசும் ஆறவில்லை. ஒரு ஊரே என்னப் பாத்து சிரிச்ச மாதிரி இருக்கு. எனக்கு அவமானமா இருக்கு. எழுதிவிட்டேன், போதும்.

சாயங்காலம் பூ வைத்துப் பார்க்க பிரீத்தா வந்தபோது அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு தடவையாவது நிஜமாக அழுதாயா என்று கேட்டேன்.

யோசித்தாள். “ஒரு தடவ ஆன்ட்டி. சிரிப்ப அடக்க நாக்க கடிச்சிட்டேன், ரத்தம் வந்திடுச்சு. ஜூலைல.”

வெளியே எழுந்து போனது அதற்குத்தான்.

முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன். பொட்டலத்திலிருந்த மல்லிகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சொல்லத்தான் வந்தேன். அன்னிக்கு பூச முடிஞ்சு நீங்க எங் கையப் புடிச்சீங்க. அதுக்கு முன்னாடி நீங்க என்னத் தொட்டதே இல்ல. அப்பறம் எப்படிச் சொல்றது?”

தலையில் பூவை வைத்துவிட்டு, கோணலாக இருக்கிறது என்று மறுபடி எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கோயிலில் பழைய பாட்டு. யாரும் அழவில்லை.

ரிசெப்ஷனில் கேக் வெட்டிய பிறகு டிஜே அந்த மெட்டைப் போட்டான், ஒரிஜினல், பிரெஞ்சுக் குரலோடு. சம்பந்தி ஏற்பாடு. நான்கு மீசைகளும் தரையில் முழங்கால் ஊன்றிக் கையை நீட்டிப் பாடின. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ரிஹர்சலுக்கு வராத பாதிப் பேர் எங்கள் பக்கம் இருந்தார்களே, அவர்கள் நற்கருணைப் பாட்டு என்று எழுந்து நின்றுவிட்டார்கள். இரண்டு ஆன்ட்டிகள் கைகூப்பினார்கள். ஒருவர் பிரியாணித் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பாரிஸ் பக்கம் கதவைத் திற என்று கெஞ்ச, மில்பிடாஸ் பக்கம் திறந்து வைத்தேன் என்று கண்ணீர் மல்கப் பதில் சொன்னது. சுருதிகூட விலகவில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தோள் குலுங்கியது. நாக்கைக் கடித்துப் பார்த்தேன், பயனில்லை.

கிரிஸ் ஓடி வந்தான். “அம்மா, ஆர் யூ க்ரையிங்?”

பிரீத்தா எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பையிலிருந்து டிஷ்யூ எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“அத்தை அழறாங்க. விடு.”

நவம்பர் 10, ஞாயிறு

தமிழ்ப் பூசை. ஜனங்கள் கேட்டதால் மறுபடி என் பாட்டு. பிரீத்தாவைப் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டேன். எனக்கு நேர் பின்னால் நிற்கச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேரும் முகம் பார்க்க முடியாதபடி.