நீ அளந்த இடைவெளி

இன்று காலை கையுறை கிழிந்து, மருந்து கரைக்கும் திரவம் விரலில் பட்டுவிட்டது. அது தோல் வழியே உள்ளே ஏறி, சற்று நேரத்தில் வாயெல்லாம் பூண்டு வாசம். உடனே உன் ஞாபகம். படப்பைக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில், "இன்னாடி, இன்னிக்கும் பூண்டு ரசமா? தள்ளி குந்து" என்று எல்லோருக்கும் கேட்கும்படி என் மானத்தை வாங்கியவள் அல்லவா நீ!

ஒரகடம் சாலையின் இருபுறமும் கார் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். நம் ஆய்வுக்கூடமும் புதிது. உயிரணுக்களை நகரச் சொல்லும் செய்தி ஒரு குறிப்பிட்ட புரதத்தின் வழியாகத்தான் போகிறது என்று நான் அடித்துச் சொன்னேன். அந்தப் புரதத்தை முடக்கும் மருந்தை விட்டால், உயிரணுக்களை வளர்த்த தட்டில் நாம் கீறிய இடைவெளியை அவை நகர்ந்து வந்து மூடுவதில்லை. எனக்கு அது போதும். உனக்குப் போதவில்லை. அந்த மருந்து வேறு எதையும் சேர்த்து முடக்கியிருக்கலாமே என்பது உன் சந்தேகம்.

"ஒரு மிஷினத்தான் நிறுத்துனேன்னு நெனச்சிக்கினு கீற. மெயின் சுவிட்சையே அணைச்சிருந்தா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த முறையும் நிரூபிக்காவிட்டால் என் ஆய்வையே மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். "ஏட்டி, அப்பம் நீயே அளந்து பாரு" என்றேன்.

நீ அதற்குத்தான் காத்திருந்தாய். "ஆசப்படுறவ அளக்கக் கூடாது" என்றாய். அதே புரதத்தை முடக்கும், வேறு அமைப்புள்ள இன்னொரு மருந்தையும் சேர்க்க வைத்தாய். மருந்து கலக்காத வெறும் திரவம் மட்டும் விட்ட தட்டும் ஒன்று. எது எதென்று உனக்குத் தெரியாதபடி பெயர்களின்மேல் டேப் ஒட்டித் தந்தேன். நான் தோற்பேன் என்று கேண்டீன் முழுக்கச் சொல்லி வைத்தவள் நீ. உன் கையில்தான் என் பிழைப்பு இருந்தது.

நீ அளந்து முடித்ததும் டேப்பைப் பிரித்தோம். வெறும் திரவம் விட்ட தட்டில் கீறல் மூடியிருந்தது. மருந்து விட்ட இரண்டிலும் அப்படியே திறந்து கிடந்தது. உயிரணுக்களோ சாகாமல் தெம்பாக இருந்தன. "நீதான்டி ரைட்டு" என்றாய், முகம் கொஞ்சமும் சுருங்காமல். நான் அழுதுவிட்டேன்.

அந்த வருடமே, காய்ச்சல் என்று பிள்ளைப்பாக்கம் வீட்டுக்குப் போன நீ உயிரோடு திரும்பவில்லை.

இப்போது நான் சொன்னால் தலையாட்டப் பலர் இருக்கிறார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் என்னை மறித்துப் பேசுகிறவள் ஒருத்திதான். இன்றைய தட்டுகளைப் பெயர் மறைத்து அவளிடம் கொடுத்திருக்கிறேன். உள்ளே அளந்துகொண்டிருக்கிறாள். வெளியே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். எட்டிப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. பார்க்க மாட்டேன்.