லாக்கவானாவிலிருந்து ஐரீன்

பிப்ரவரி 24, திங்கள்

ஏரிப் பக்கமிருந்து மறுபடியும் பனி. என் வீட்டுக்காரர் ஜெரோம் வாசலில் பனியை வாரித் தள்ளிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரிடம் அணியின் சம்பள வரம்பைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். பள்ளிச் சமையலறையில் இன்று மக்ரோனி. கொஞ்சம் அடிபிடிக்க விட்டுவிட்டேன். பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டார்கள்.

மாலையில் பெர்னடெட்டின் மதுக்கடை. அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் முடிந்து மைதானமே பனியில் கிடக்கிறது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு இதுதான் திருவிழாக் காலம். யாருக்கு ஒப்பந்தம் முடிகிறது, யாரை இங்கே இழுக்கலாம், ஏப்ரல் டிராஃப்டில் எந்தக் கல்லூரிப் பையனைத் தேர்ந்தெடுக்கலாம், லீக் போட்டிருக்கிற வரம்புக்குள் எல்லாருடைய சம்பளமும் அடங்குமா. ஜெரோமின் பள்ளித் தோழன் ஹாங்க் மேசையைத் தட்டினான். "வெளியூர்க்காரன் எவனும் வேணாம்பா. நம்ம நோலனைக் கூட்டிட்டு வாங்க. அவன் ஒருத்தன் போதும்."

ஜெரோம் முகத்தைப் பார்க்கணுமே! பையன் பிறந்த அன்று இருந்த முகம்.

ஏழு வருஷமாக எங்கள் பையன் நோலன் மேற்கே வேறு அணிக்கு ஆடுகிறான். பந்தோடு ஓடி வருகிறவனை இடித்துச் சாய்ப்பது அவன் வேலை. இந்த மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. இப்போது தன் பழைய அறையில், கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கத் தூங்குகிறான். சொந்த ஊர் அணிக்கு ஆடினால்? எனக்கு மட்டும் ஆசை இல்லையா.

மார்ச் 1, சனி

எழுதக் கை வரவில்லை.

மத்தியானம் நோலன் ரொட்டி வாங்கப் போனான். கொஞ்ச நேரத்தில் போன். "அம்மா, இங்கேருந்து வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

யூனியன் சாலை பெட்ரோல் பங்கில் நிற்கிறானாம். எங்கள் தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம். சின்ன வயதில் அவன் சைக்கிளில் பேப்பர் போட்ட தெரு. "அங்கேயே இரு, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கோட்டுகூடப் போடாமல் ஓடினேன். அவன் பிக்கப் வண்டிக்குள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை, இந்தக் குளிரில்.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்பவாவதுதாம்மா. நவம்பர் ஆட்டத்துல தலையில ஒரு அடி. அதுக்கப்புறம் வெளிச்சம் பட்டா தலை வலிக்குது. சரியாப் போயிடும்."

"டீம் டாக்டருக்குத் தெரியுமா?"

வெயில் தடுப்பைக் கீழே இறக்கினான்.

அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "இந்த ஒரு ஒப்பந்தம் மட்டும். அப்பாவுக்காக. அதோட விட்டுடறேன். அவர்கிட்ட சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஏன் பண்ணினேன்?

மார்ச் 2, ஞாயிறு

இன்று நன்றாக இருக்கிறான். பான்கேக் தின்றான், ஜெரோமைக் கேலி செய்தான். நேற்று நடந்தது நிஜம்தானா?

மார்ச் 7, வெள்ளி

தவக்கால வெள்ளி, பெர்னடெட் கடையில் பொரித்த மீன். நிற்க இடமில்லை. எல்லாருக்கும் ஒரே பேச்சு: நோலன், நோலன்.

ஹாங்க் என்னைப் பிடித்துக்கொண்டான். "மார்லீன், வரம்புக் கணக்குல நீதான் கில்லாடி. சொல்லு. நோலனுக்குக் கொடுத்தா மிச்சம் எவ்ளோ நிக்கும்?"

நான் சொன்னேன்: "அவனுக்கு இருபத்தொன்பது வயசு ஹாங்க். அந்த வயசுல இடிக்கிறவனுக்கு மூணு வருஷ ஒப்பந்தம் கொடுத்தா கடைசி வருஷம் தண்டம். அந்த இடத்துக்கு டிராஃப்ட் ரெண்டாவது சுற்றுல ஒரு சின்னப் பையனை எடுத்தா கால்வாசிச் சம்பளம்தான்."

கடையே வெடித்துச் சிரித்தது. "பெத்தவளே பிள்ளையை வேணாங்கிறா பாருடா!" "அடக்கமாம், அடக்கம்!" ஹாங்க் என் தோளை அணைத்துக்கொண்டான். "கவலைப்படாதே. உன் பையன் தலையைக் குனிஞ்சு ஒரு முட்டு முட்டினா லாரியே நின்னுடும்."

மீனைத் தட்டோடு தள்ளி வைத்தேன். லாரியே நின்னுடுமாம்.

மார்ச் 10, திங்கள்

இன்று மதியத்திலிருந்து அணிகள் ஒப்பந்தம் முடிகிற ஆட்டக்காரர்களின் ஏஜென்டுகளோடு பேசலாம். எங்கள் அணி முதல் மணி நேரத்திலேயே நோலனைக் கேட்டுவிட்டது. ரேடியோ சொல்கிறது, இணையம் சொல்கிறது, பிள்ளைகள் தெருவைக் கடக்கப் பள்ளி வாசலில் வண்டிகளை நிறுத்துகிறவன்கூடச் சொல்கிறான்.

ஜெரோம் கராஜில் நின்று அழுதார். தன் அப்பா செத்தபோதுகூட அழாத மனுஷன். "மார்லீன், நம்ம ஊர் சட்டையில, நம்ம பேரு முதுகுல" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் எப்படி இருப்பேன்? ஒரே ஒரு அடி போதும். எந்த ஞாயிற்றுக்கிழமை, எந்த நிமிஷம் என்றுதான் தெரியாது. அறுபதாயிரம் பேர் கைதட்டும்போது என் பிள்ளை எழுந்திருக்காமல் கிடப்பான்.

மார்ச் 11, செவ்வாய்

பைத்தியக்காரத்தனம் செய்துவிட்டேன்.

இடைவேளையில் சமையலறைச் சாமான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நேயர்கள் பேசுகிற விளையாட்டு ரேடியோவுக்கு போன் போட்டேன். பெயர் கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். "ஐரீன். லாக்கவானாவிலிருந்து." குரலைக் கட்டையாக்கிக்கொண்டேன்.

அணி நடத்துகிற யாராவது கேட்க மாட்டார்களா என்ற நப்பாசை. ஊரே வேண்டாமென்றால் அவர்களும் யோசிப்பார்களே. சம்பள வரம்பு, வயது, டிராஃப்ட் என்று கணக்காகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் வாய் எங்கோ போயிற்று. "நவம்பருக்கு அப்புறம் அவன் ஆடறதைப் பாத்தீங்களா? ஒருத்தனைச் சாய்ச்சிட்டு எழுந்து எதிரணிப் பக்கம் நடந்து போறான். நீங்கல்லாம் சிரிச்சீங்க. அது சிரிக்கிற விஷயமா?"

நிகழ்ச்சி நடத்துகிறவர் கேட்டார்: "ஐரீன், அந்தப் பையன் மேல உங்களுக்கு என்னம்மா அப்படி ஒரு கோபம்?"

வைத்துவிட்டேன்.

அப்புறம் வரிசையாகப் போன் போட்டவர்கள் ஐரீனைக் கிழித்தார்கள். ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் இந்தக் கிழவிக்கு என்றார்கள். அது வலிக்கவில்லை. ஒருத்தன் மட்டும் எனக்குப் பரிந்து பேசினான். "அந்தம்மா சொல்றது சரி. அவன் தீர்ந்துபோன சரக்கு. தூக்கிக் கடாசிட்டு வேற ஆளைப் பாருங்க."

உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 12, புதன்

பெர்னடெட் காபியை நீட்டினாள். "இந்தா ஐரீன்."

கோப்பை சரிந்து கொஞ்சம் சிந்திவிட்டது. அவள் துணியால் துடைத்தாள். முப்பது வருஷமாக என் குரலைக் கேட்கிறவள். "ஜெரோம் எப்பவும் அந்த ரேடியோதானே கேப்பாரு" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை நோலன் மைதானத்துக்குப் போக வேண்டுமாம். மருத்துவப் பரிசோதனை. அதில் தேறினால் அன்றே கையெழுத்து. "கேள்வி கேப்பாங்க, கண்ணைப் பாப்பாங்க. சமாளிச்சுடுவேன்" என்கிறான். சமாளித்துவிடுவான். அதுதான் பயம்.

மார்ச் 14, வெள்ளி

ஹாங்க் தன் போனில் ஐரீன் பேசிய பதிவைப் போட்டுக் காட்டினான். கடை முழுக்கக் கேட்கும்படி. "இந்தக் கிழவியைக் கேளுங்கடா!"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெரோமும் சிரிக்க ஆரம்பித்தார். பாதிச் சிரிப்பில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பீரை முடித்தார், கோட்டை எடுத்தார்.

காரில் ஏறியதும்: "பெத்த பிள்ளை சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி. அதுவும் ரேடியோவுல!"

"ஜெரோம் —"

"ஏழு வருஷமா நான் எதுக்குக் காத்துட்டிருந்தேன்னு உனக்குத் தெரியாதா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மாதா மன்னிக்கட்டும். சொல்லிவிட்டேன். பெட்ரோல் பங்க், வியர்வை, நவம்பர், எல்லாம்.

ஜெரோம் ரோட்டையே பார்த்து ஓட்டினார். "எல்லாருக்கும் என்னிக்காவது வழி தப்பும்" என்றார். வீடு வந்தும் இறங்கவில்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து காலை உணவு. ஜெரோம் சும்மா பேசுகிற மாதிரி ஆரம்பித்தார். எனக்குத் தெரியும், சோதிக்கிறார்.

"நோலன், உன்னை டிராஃப்டுல எடுத்த அன்னிக்கு இந்த வீட்டுல என்ன கூத்து, ஞாபகம் இருக்கா?"

நோலன் சிரித்தான். எல்லாம் சொன்னான். ஹாங்க் நாற்காலியை உடைத்தது, பெர்னடெட் தட்டு தட்டாகக் கோழிச் சிறகு கொண்டுவந்தது, நான் போனைக் கேக் மேல் போட்டது. ஒன்று தப்பவில்லை. ஜெரோம் என்னைப் பார்த்தார். பார்த்தியா என்கிற பார்வை. எனக்கும் நெஞ்சு லேசாயிற்று.

நோலன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்: "தாத்தாதான் பாவம். என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. இல்லப்பா?"

ஜெரோமின் அப்பா அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நோலனும் ஒருவன்.

"ஆமாண்டா" என்றார் ஜெரோம். "விடவே இல்ல."

எழுந்து கராஜுக்குப் போனார். நான் பின்னாலேயே போகவில்லை. போக தைரியம் வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

பள்ளியில் பச்சை ஜெல்லி. அயர்லாந்துக்காரர்களின் பச்சைப் பண்டிகை. பிள்ளைகளின் நாக்கெல்லாம் பச்சை.

நோலனை ஜெரோமே காரில் கூட்டிப்போனார். என்ன சொன்னாரோ, என்ன சொல்லாமல் விட்டாரோ. போன் வரவில்லை. அலமாரியை மூன்று தடவை துடைத்தேன். தேறிவிடுவானோ? தேறக் கூடாது. தேறாவிட்டால் அவன் என்ன ஆவான்? எதைக் கேட்டு வேண்டுவது என்றே தெரியவில்லை. கடைசியில் கடவுளே, கடவுளே என்றுதான் வந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது இருவரும் மேசையில் இருந்தார்கள். கோட்டுகூடக் கழற்றவில்லை.

நோலன்தான் பேசினான். "மைதானத்துக்கு வெளியில அப்பா காரை நிறுத்திட்டாரு. 'உள்ள போ, போகாதே, ரெண்டும் உன் இஷ்டம். ஆனா எனக்காகப் போகாதே'ன்னாரு."

"அப்புறம்?"

"உள்ள போனேன். அந்த டாக்டரம்மா வழக்கமான கேள்வியெல்லாம் கேட்டாங்க. எல்லாத்துக்கும் சரியாச் சொன்னேன். 'வேற ஏதாவது?'ன்னு கேட்டுட்டு எழுந்துக்கப் போனாங்க. நான் பெட்ரோல் பங்கைப் பத்திச் சொன்னேன்."

டாக்டர் திரும்ப உட்கார்ந்தாராம். நீங்கள் ஆடக் கூடாது என்றாராம். நரம்பு மருத்துவர் ஒருவரின் பெயரைச் சொல்லி இந்த வாரமே பார்க்கச் சொன்னாராம். அவ்வளவுதான். ஏழு வருஷம், ஒரு நாற்காலியில் முடிந்துவிட்டது.

அவன் தலையைத் தொடப் போனேன். பயந்து கையை இழுத்துக்கொண்டேன். எங்கே வலிக்குமோ.

"ஐரீன் யாருன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றான். "உன் கணக்குதான் தப்பு. என்னை எடுத்திருந்தாலும் வரம்புக்குள்ள இன்னொருத்தனுக்கு இடம் இருந்திருக்கும்."

ஜெரோம் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார், பிறகு அது சிரிப்பாக இல்லை.

மார்ச் 19, புதன்

ரேடியோவில் ஒரே திட்டு. அணியின் கஞ்சப் பிசினாரி முதலாளி, உள்ளூர்ப் பையனை விட்டுவிட்டான் என்று. ஹாங்க் இரண்டு தடவை போன் பண்ணிப் பேசியிருக்கிறான்.

நரம்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். இனி அடி படாமல் இருந்தால் பல வருஷம் இப்படியே ஓடலாம், ஓடாமலும் போகலாம் என்றார். அந்த "லாம்"களோடு வீட்டுக்கு வந்தோம்.

ஏப்ரல் 25, வெள்ளி

டிராஃப்ட், இரண்டாம் சுற்று. பெர்னடெட் கடை டிவியில். நோலனே வருகிறேன் என்றான். கடைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. ஹாங்குக்கு இப்போது எல்லாம் தெரியும். நோலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினான். ஹாங்க் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

எங்கள் முறை வந்தது. அயோவாவில் ஏதோ ஒரு கல்லூரிப் பையன். நோலன் ஆடிய அதே இடத்துக்கு. திரையில் அவன் இடித்த இடிகளை அடுக்கிக் காட்டினார்கள். கடை அதிர்ந்தது. "பாருடா! பாருடா அந்த இடியை!" அப்புறம் அவன் வீடு. சோபா நிறைய சொந்தக்காரர்கள், நடுவில் அவன் அம்மா. அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரோடும் சேர்ந்து, பலமாக. எப்போது ஆரம்பித்தேன் என்றே தெரியவில்லை. நோலன் திரையைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிறுத்திவிட்டேன்.

"தட்டும்மா" என்றான். "அந்தப் பையனுக்கு இன்னிக்கு நல்ல நாள்."

சத்தம் தாங்காமல் கொஞ்ச நேரத்தில் வெளியே போனான். மூன்றாம் சுற்று தொடங்கப்போகிறது என்று ஹாங்க் கூவினான். ஜெரோம் எழுந்தார், நோலனின் கோட்டை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனார். நானும் போனேன். மூவரும் வாசலில் குளிரில் நின்றோம். உள்ளே இன்னொரு ஆரவாரம் எழுந்தது.

எங்கள் அணி மூன்றாவதாக யாரை எடுத்தது என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.